கறுப்படித்த கட்டங்கள்

மனநோய்ப் பிரிவில் குடும்ப மரம் வரைபவரை எல்லாரும் ‘மரக்காரம்மா’ என்றே அழைத்தனர். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் கண்டவர் எனில் உள்ளே கறுப்பு. அவர் பணியில் சேர்ந்த பின் அறிஞர்கள் அந்த நோய்களைப் பிரித்தும் சேர்த்தும் இருமுறை பெயர் மாற்றிவிட்டனர். குடும்பங்கள் வைத்த பெயர்களோ மாறவே இல்லை: வேலைப்பளு, உடல்சூடு, ‘வெளியூர் போயிருந்தார்’.

அன்று வந்தவன் நில அளவையாளன். மூன்று வாசல் உள்ள வீட்டுக்கு நாற்பது கதவு செய்யச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் உறங்காமல் உற்சாகமாகத் திரிந்தவன். பிறகு இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவன். கொடுத்த இரு மருந்துகளும் கேட்கவில்லை. இரத்த உறவில் எவருக்கேனும் இதே நோய் இருந்து ஏதேனும் மருந்து கேட்டிருந்தால், அது இவனுக்கும் கேட்க வாய்ப்புண்டு என்றார் மருத்துவர். அந்த மருந்தின் பெயர்தான் வேண்டும்.

“எங்க பக்கம் அப்படி யாரும் இல்லைங்க,” என்றார் தாய். அவருடைய தம்பி, அவனுக்குத் தாய்மாமா, தரையைப் பார்த்தார்.

“எங்க பக்கமும் சுத்தம்,” என்றார் அத்தை, காலமான தந்தையின் அக்கா.

தம் வீட்டைப் பற்றி எவரும் வாய் திறக்கமாட்டார் என்பதை மரக்காரம்மா முதல் ஆண்டிலேயே கற்றிருந்தார். கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

“சரிம்மா. அவங்க பக்கம்?”

தாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இவங்க பெரியப்பா ஆறு மாசம் குளிக்காம மாடியிலயே உட்கார்ந்திருந்தாரு. கேட்டா ஆராய்ச்சின்னாங்க.”

“உன் சித்தி ஒரே நாள்ல பதினொரு பேருக்குக் கல்யாணம் பேசி முடிச்சாங்களே, அது என்ன சமூக சேவையா?” என்றார் அத்தை.

“அண்ணி, உங்க தங்கச்சி நம்ம வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் தெருவுல போறவங்களுக்குக் கொடுத்தப்போ, வீடு வீடா போய்க் கேட்டு வாங்கினது நான்.”

பென்சில் ஓயவில்லை. மரம் இரு பக்கமும் கறுத்துக்கொண்டே வந்தது.

“அதெல்லாம் இருக்கட்டும். பதினொரு வருஷமா உன் தம்பி தினம் முழுங்குற மாத்திரை என்ன?”

“அது வைட்டமின்,” என்றார் தாய்.

மாமா மருமகனைப் பார்த்தார். அவன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“லித்தியம்க்கா. வைட்டமின்னு பேர் வச்சது நீதான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

மருமகன் அன்று முதன்முறையாகத் தலை தூக்கினான்.

“உங்களுக்கும் கதவா மாமா?”

“எனக்கு ஜன்னல்டா. எண்பது.”

மரக்காரம்மா மருந்தின் பெயரை மாமாவின் சதுரத்தின் அடியில் எழுதித் தாளை மருத்துவரிடம் கொண்டுபோக எழுந்தார். தாய் எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, எங்க பக்கம் பென்சில்லயே இருக்கட்டும். அவங்க பக்கம் பேனாவுல போட்டுடலாமே.”