‘திடீரென்று’ என்று எழுதியவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவள் நான்தான்: ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, பள்ளி மலருக்கு வருடம் ஒரு கதை எழுதுகிறவள்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அடித்தால், கடித்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மூன்று கட்டங்கள்: முன்பு, நடந்தது, பின்பு. ஆட்டிசம் உள்ள ஆறு வயதுப் பெண் ஒருத்திக்கு ஏழு படிவம் நிரப்பியிருக்கிறேன். ஏழிலும் ‘முன்பு’ கட்டத்தில் ஒரே பதில்: ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை என்னைக் கடித்தாள். எட்டாவது படிவத்தைத் தலைமையாசிரியை வெள்ளிக்குள் கேட்டிருக்கிறார். அதைக் காட்டி அவளைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

2

முதல் தொடக்கம்: “எலிக்குட்டி திடீரென்று ஆசிரியையின் கையைக்...”

கோடு போட்டு அடித்துவிட்டேன். (எலிக்குட்டி என்பது அம்மா கூப்பிடும் பெயர். படிவத்தில் ‘மேற்படி மாணவி’.)

திடீரென்றாம்! முன்கதையை யோசிக்க உடம்பு வணங்காத எழுத்தாளர்கள் போட்டுத் தப்பிக்கிற சொல். மழைகூட மேகம் கூடித்தான் பெய்கிறது.

இரண்டாவது: “முப்பத்தாறு பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் ஓர் ஆசிரியை...”

இதுவும் வேண்டாம். முப்பத்தாறு உண்மை. அதில் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தை அலுவலக அறையில் காட்டத் துணிச்சல் இல்லாமல், திருப்பிப் பேச முடியாத ஒருத்தியிடம் காட்டினேன்.

3

புதன்கிழமை அவள் அம்மா தலைமையாசிரியையின் அறைக்கு வந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. சீருடையோடு வந்திருந்தார்.

“முன்னாடி என்ன நடந்துச்சு டீச்சர்?”

“ஒண்ணும் நடக்கலைங்க. நல்லாத்தான் இருந்தா. திடீர்னு கடிச்சிட்டா.”

“ஒண்ணும் நடக்காம கடிக்க மாட்டா. அவளுக்குப் பேச்சு வராதுன்னு உங்களுக்கே தெரியும். நீங்க பாத்ததையாவது எழுதலாம்ல?”

“வீட்ல செல்லம் ஜாஸ்தி போல,” என்றார் தலைமையாசிரியை.

“செல்லம் குடுக்க எனக்கு எங்க மேடம் நேரம்? நாலு படம் வரைஞ்சு குடுத்தேன். அதச் சுவத்துல ஒட்டி வைங்கன்னுதான கேட்டேன்?”

* முந்தைய பிரதியில் இந்த இடத்தில் அவரை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

4

அம்மா வரைந்த நாலு அட்டைகள், அவளுடைய நாளின் வரிசையில்: பாடம், சாப்பாடு, ஊஞ்சல், வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் எலிக்குட்டி அந்த அட்டையைப் பிய்த்துப் பெட்டியில் போடுவாள். அட்டைகள் வந்த பிறகு மூன்று வாரம் ஒரு படிவம்கூட இல்லை. அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

செவ்வாயன்று மைதானத்தில் பெரிய வகுப்புகளின் அணிவகுப்புப் பயிற்சி. ஊஞ்சல் கிடையாது. நான் ஊஞ்சல் அட்டையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன். ஆம், நினைத்தேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். என் சட்டைக் கையை இழுத்தாள்.

“உக்காரு.”

மறுபடி இழுத்தாள்.

“உக்காருன்னு சொன்னேன்ல?”

மூன்றாம் முறை என் முஷ்டியை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். நான் இறுக்கிக்கொண்டேன். முப்பத்தெட்டு வயதுக்காரி, ஆறு வயதுப் பிள்ளையோடு மல்லுக்கட்டினேன்.

பிறகுதான் கடித்தாள். முஷ்டிக்கு வெளியே நீட்டியிருந்த அட்டையின் வலது மூலையிலும் நாலு சின்னப் பல்தடங்கள் இருக்கின்றன.

5

முடிவு அ: ஆசிரியை மனம் திருந்த, தலைமையாசிரியை கண்கலங்க, பிள்ளைகள் கைதட்ட... காதில் பூ சுற்றுகிற வேலை.

முடிவு ஆ: எட்டாவது ‘ஒன்றுமில்லை’. கைக்குப் பழகிய வார்த்தை, அரை நிமிடம் போதும்.

இன்று வெள்ளி. காலையில் ‘முன்பு’ கட்டத்தை நிரப்பினேன். இடம் போதாமல் ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதினேன். அட்டையைப் படிவத்தோடு ஆதாரமாகக் குத்தி அனுப்ப நினைத்தேன். ஒன்பது மணிக்கு அவள் வருவாள், சுவரைப் பார்ப்பாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அட்டையை அதன் இடத்திலேயே ஒட்டினேன். படிவத்தில் இப்படி எழுதினேன்: ஆதாரம் ஒன்றாம் வகுப்புச் சுவரில், மூன்றாவது அட்டை. வந்து பார்க்கவும்.

தலைமையாசிரியை படிவத்தைப் புரட்டினார். “இவ்ளோ எழுத இங்க இடமே இல்லையே டீச்சர்?”

“அதுதான் மேடம் பிரச்சினையே.”

“‘பின்பு’ காலியா இருக்கு?”

ஆம், காலிதான். அவளை வைத்துக்கொள்வார்களா, அனுப்புவார்களா, எனக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை நான் நிரப்பப்போவதில்லை. இதோ பேனா, நீங்கள் எழுதுங்கள். ‘திடீரென்று’ என்று மட்டும் தொடங்காதீர்கள்.