கேடயத்தின் பன்னிரண்டாவது கை

1.

இந்தக் கதை என் மகள் கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. ஸ்பெயினின் நவார்ராவில், எங்கள் தெருத் திருவிழாவில், அந்நாட்டு மன்னர்களின் பழைய முடிசூட்டு விழாவை நடித்துக் காட்டுவோம். பன்னிரண்டு பேர் ஒரு கேடயத்தைத் தோளுக்கு மேல் தூக்க, அதன்மேல் ஒரு பெண் ராணியாக நிற்க வேண்டும். என் மகள் ஏற மறுத்துவிட்டாள்.

"தூக்குற பன்னெண்டு பேரையும் நம்பலாமாப்பா?"

பன்னிரண்டு முகங்களையும் பார்த்தேன். ஒருவன் என் மைத்துனன். ஏறச் சொல்லி அவளை வற்புறுத்தவில்லை.

2.

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிய ஒரு காலையில், மலைகளின் நடுவே...' வேண்டாம். பனியைக் காட்டிப் பக்கத்தை நிரப்புவது என் பழைய கெட்ட பழக்கம்.

இரண்டாவது: மன்னர் செத்துப் பதினோரு நாள். மூத்த தாரத்து மகள் ஒனேக்காவுக்கு வயது இருபது. இளைய ராணி மென்சியாவின் மடியில் ஏழு மாத ஆண் குழந்தை. கேடயத்தின்மேல் சொந்தக் காலில் நின்று, கூட்டம் மூன்று முறை வாழ்த்துக் கூவி முடிக்கும்வரை விழாமல் இருப்பவருக்குத்தான் முடி. குழந்தைக்கு இன்னும் தவழவே தெரியாது.

(இதுவே போதும். இவர்களை வரலாற்றில் தேடாதீர்கள், நான் பெற்றவர்கள்.)

3.

கேடயம் தூக்கப் பள்ளத்தாக்குக்கு ஒருவராக வந்த பன்னிருவரில் ஒருவன் ஸெமேனோ, ஒனேக்காவுக்குப் பாலூட்டிய செவிலியின் மகன். முடிசூட்டு நாள் காலையில், தேவாலயத்தின் பக்க அறையில் அவள் காலில் விழுந்தான்.

"கேடயம் தூக்குறதுலருந்து என்னைய எடுத்துருங்கம்மா. மூணாவது கூப்பாட்டுல கைய விடச் சொல்லிருக்காங்க."

"யாரு, சித்தியா?"

"என் பொண்டாட்டி அமூனா அவங்க வீட்டுலதான் இருக்கா. விருந்துக்குன்னு கூப்பிட்டாங்க. நாலு நாளாச்சு, திருப்பி அனுப்பல. எட்டு மாசம்மா அவளுக்கு."

"சித்தி வீட்டு விருந்து சட்டுன்னு முடியாதுடா" என்று ஒனேக்கா சிரித்தாள்.

(அந்தச் சிரிப்பை இரண்டு முறை அடித்தேன். திரும்பத் திரும்ப வந்துவிடுகிறது. பயந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.)

அவனை விலக்கினால் மிச்சம் பதினொரு பேர். பதினொன்று செல்லாது. அவனுடைய பள்ளத்தாக்கு வேறு ஆளைத் தேர்ந்து அனுப்பக் கோடையாகிவிடும். அதற்குள் குழந்தை எழுந்து நின்றுவிடும். ஒனேக்காவுக்குக் கன்னிமாடத்தில் ஓர் அறை இப்போதே தயார்.

4.

எனக்கு ஸெமேனோமீது நம்பிக்கை இல்லை. கையை விடப்போகிறவன் முன்கூட்டி வந்து சொல்வானா? அல்லது, போய்ச் சொல் என்று மென்சியாவே அனுப்பினாளா? பயந்துபோய் ஒனேக்கா ஏறாமல் இருந்தாலும் மென்சியாவுக்கு வெற்றிதானே.*

முடிவு அ: ஸெமேனோ கடைசிவரை தாங்குகிறான். அன்று மாலை அமூனாவை... (எழுத வரவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொன்று ஒரு ராணியைக் காப்பாற்றிவிட்டு, நான் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது?)

முடிவு ஆ: கேடயம் சரிகிறது. கல்தரையில் அவள் தலை... (இந்தத் தாளை மகள் கண்ணில் படாமல் கிழித்துவிட்டேன்.)

* மென்சியாவைத் திட்டவும் மனம் வரவில்லை. முடி கைக்கு வராவிட்டால் தன் மகனை அக்காள்காரி உயிரோடு விடுவாள் என்று எந்தத் தாய் நம்புவாள்?

5.

ஒனேக்கா செருப்பைக் கழற்றினாள்.

"ஸெமேனோ, பின்னாடி நிக்காத. முன்னாடி வா."

"எதுக்கும்மா?"

"உங்கம்மா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மார்லதான் பால் குடுத்தா. கவுக்கணும்னா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கவுடா."

ஏறினாள். தூக்கினார்கள். முதல் கூவல். இரண்டாவது கூவலில், முன்வரிசையில் நின்ற மென்சியா தன் குழந்தையின் கண்களைப் பொத்தினாள்.

ஸெமேனோவின் விரல்களை இதற்கு மேல் என்னால் அசைக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. நீங்கள் வந்து அவன் இடத்தில் நில்லுங்கள். மேலே நிற்பவள் உங்களைத்தான் பார்க்கிறாள். உங்கள் மனைவி எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டம் மூன்றாம் முறை வாயைத் திறந்துவிட்டது.

சீக்கிரம்.