சனிக்கு ஒரு பொம்மைக் கார்

பத்மா பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் சனிக் கிரகம் விஷயத்தில் மட்டும் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் புருஷனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கஜபதிக்கு ஆவடி ஃபாக்டரியில் டர்னர் வேலை. ஷிப்டு முடிந்தால் மற்றவர்கள் சீட்டாடுவார்கள், டிவி பார்ப்பார்கள். இவன் உட்கார்ந்து ஒரு கண்ணாடி வில்லையைத் தேய்த்தான். மாதக்கணக்கில் தேய்த்து, சாஸர் அகலத்தில் ஒரு குழி ஆடி செய்து, அதைத் தடித்த பிவிசி பைப்பின் அடியில் பொருத்தி, குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் ஒரு தொலைநோக்கியை நிறுத்திவிட்டான். பைப்பின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் ஒரு சின்னக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் கண்ணை வைக்க வேண்டும். வீட்டில் அதற்குப் பெயர் மூக்கு. பக்கத்திலிருக்கும் திருகைத் திருப்பினால் மூக்கு உள்ளே போகும், வெளியே வரும்; ஏதோ ஓர் இடத்தில் உருவம் தெளியும்.

கஜபதிக்குத் தெளியும். பத்மாவுக்குத் தெளியாது. அவளுடைய கண்ணாடி சோடாபுட்டி. அதைப் போட்டுக்கொண்டு குனிந்தால் கண்ணாடி மூக்கில் இடித்து மொத்தப் பைப்பும் நகர்ந்துவிடும். கழற்றிவிட்டுப் பார்த்தால் பஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு மங்கல். அவளே திருகைத் தொட்டுச் சரிசெய்யலாம் என்றால், விரல் பட்டதும் உள்ளே இருக்கும் வெளிச்சம் கிடுகிடுவென்று ஆட ஆரம்பிக்கும்.

"எப்படிக் கீது?" என்று கேட்டுக்கொண்டு கஜபதி பக்கத்திலேயே நிற்பான். அவன் முகம் அப்போது தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டவன் முகம்போல இருக்கும். அந்த முகத்தைப் பார்த்து "ஒண்ணும் தெரியலைங்க" என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"சூப்பரா கீதுங்க" என்பாள். அதோடு முடிந்தது.

தொண்ணூற்றெட்டு முடிகிற மார்கழியில் ஒரு சாயங்காலம் குட்டு வெளிப்பட்டது. கீழ்வீட்டுக் கஸ்தூரி காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்கு வந்தாள்.

"வாம்மா கஸ்தூரி, சனி காட்டறேன்" என்றான் கஜபதி.

"அய்யய்யோ! சனி பார்வை நம்ம மேல படக்கூடாதுன்னு வாராவாரம் எள்ளு விளக்கு ஏத்திகினு கீறேன். நீங்க இன்னாண்ணே, நம்மளையே போய்ப் பாக்கச் சொல்றீங்க!"

"அது நம்மளப் பாத்தாதாண்டி தப்பு. நாம அதைப் பாத்தா ஒண்ணும் ஆவாது" என்றாள் பத்மா. "இரு, நான் பாத்துட்டுக் காட்டறேன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். "அடேயப்பா! இன்னிக்கு பளிச்சுனு கீது. வளையம் அப்படியே வெள்ளி மெட்டியாட்டம்!"

கஸ்தூரிக்கு ஆசை வந்துவிட்டது. துணிமூட்டையைத் தோளில் போட்டபடியே குனிந்தாள். இந்தக் கண்ணை மூடிப் பார்த்தாள், அந்தக் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஒரே கருப்பா கீது. எனக்குத்தான் பாக்கத் தெரியலியா?"

கஜபதி எட்டிப் பைப்பின் வாயைப் பார்த்தான். தூசு விழாமலிருக்கப் போட்டு வைக்கும் பக்கெட் மூடி, போட்டது போட்டபடி இருந்தது.

கஸ்தூரி சிரித்த சிரிப்பில் துணியெல்லாம் தரையில் விழுந்தது. பத்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். கஜபதி மூடியைக் கழற்றி, கஸ்தூரிக்குச் சனியைக் காட்டினான். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கீழே போனாள். சாப்பிடும்போதுதான் கேட்டான்.

"எவ்ளோ நாளா?"

"மொதல் நாள்லேர்ந்து."

"அப்போ வியாழன்?"

"அதுவும்தான்."

"நிலா?"

"நிலா தெரிஞ்சுது. சத்தியமா. கொஞ்சம் மாவு மாதிரி."

அவன் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ஒனக்குக் காட்டணும்னுதான பத்மா இவ்ளோவும் செஞ்சேன்" என்றான். அவள் கண்ணாடிக் கதையைச் சொன்னாள், இடிக்கிறதைச் சொன்னாள், ஆடுகிறதைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் கோபம் தொலைநோக்கியின் பக்கம் திரும்பிவிட்டது.

மறுநாள் அந்தி சாய்ந்ததுமே இருவரும் மாடிக்குப் போனார்கள். அவள் கண் வைத்தாள், அவன் திருகைப் பிடித்தான்.

"இப்போ?"

"ஆடுது."

"இப்போ?"

"இன்னும் ஆடுது."

"இப்போ?"

"போயே போச்சு."

ஆட்டம் அடங்குவதற்குள் சனி நகர்ந்து வெளியே போய்விடும். அவன் மறுபடி தேடிப் பிடிப்பான், மறுபடி தொடுவான், மறுபடி ஆடும். கடைசியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கை படறதாலதாங்க ஆடுது" என்றாள் பத்மா. "யாரும் தொடாம அந்தத் திருகு தானா சுத்தணும்."

"பேய் புடிச்சாந்து சுத்தச் சொல்லலாமா?"

"பேய் வேணாம். மோட்டார் போதும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனி ஒன்றில் நாள் முழுக்கச் சால்டரிங் செய்கிறவள் அவள். எந்தக் கம்பியை எதோடு சேர்த்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. இவ்வளவு நாள் தொலைநோக்கி அவருடையது, நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று ஒதுங்கியிருந்தாள். இனிமேல் அது முடியாது.

கம்பெனியில் பக்கத்து ஸ்டூல் ஜுலைகாவுடையது. சாப்பாட்டு வேளையில் விஷயத்தைக் கேட்டதும் அவள் சொன்னாள்: "மோட்டார்தானே? எங்க நஜீர் அண்ணன் கடையில மலையாட்டம் கொட்டிக் கெடக்குதுடீ. ஞாயித்துக்கெழம வா."

பூந்தமல்லி பஜாரில் நஜீருக்கு டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை. "மோட்டார் வச்சி இன்னா பண்ணப் போறே தங்கச்சி?" என்றார்.

"சனி கிரகத்தைப் பாக்கப் போறேன் பாய்."

நஜீர் தன் தங்கை ஜுலைகாவைப் பார்த்தார். தங்கை தலையாட்டினாள். மறுபேச்சில்லாமல் ஒரு பழைய கேசட் மோட்டாரையும் அதற்கான ரப்பர் பெல்ட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

பத்மா அதை மூக்குக்குப் பக்கத்தில் கட்டினாள். திருகின்மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியை ஒட்டினாள். பெரிய சக்கரம் என்றால் மெதுவாகச் சுற்றும் அல்லவா? பெல்ட்டை மாட்டி, செல்லை இணைத்தாள். மோட்டார் சுற்றியது. மூக்கு வெளியே வந்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"நிறுத்து, நிறுத்து!"

அவள் கம்பியைப் பிடுங்குவதற்குள் மூக்கு மொத்தமாகக் கழன்று விழுந்தது. கஜபதி லுங்கியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துவிட்டான்.

"அவுட்!" என்றாள் அவள்.

கம்பிகளை மாற்றிக் கொடுத்து, மோட்டாரைப் பின்பக்கமாகச் சுற்ற வைக்கப் பார்த்தாள். அது அசையவில்லை. கேசட் ஒரே பக்கமாக ஓடினால் போதும் என்று செய்த மோட்டார். வெளியே தள்ளத் தெரியும், உள்ளே இழுக்கத் தெரியாது. அதோடு, ஓடுகிற வேகமும் சனிக்கு ஒத்துவராது.

அடுத்த ஞாயிறு மறுபடி பூந்தமல்லி. "முன்னும் போவணும் பாய், பின்னும் போவணும். ஆனா நத்தையாட்டம் போவணும்" என்றாள். நஜீர் தாடியைச் சொறிந்துகொண்டு யோசிக்கும்போதே ஜுலைகா கடை மூலையிலிருந்து ஒரு சிவப்புப் பொம்மைக் காரை இழுத்தாள். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காதது. முன்சக்கரம் இல்லை. பின்னாலிருந்து நீளமாக ஒரு ஒயர். ஒயரின் நுனியில் கைக்கு அடக்கமாக ஒரு ரிமோட். அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் கார் முன்னே போகும், மற்றதை அழுத்தினால் பின்னே வரும்.

பத்மா ஜுலைகாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

காரைப் பிரித்தால் உள்ளே மோட்டாரோடு சின்னச் சின்னப் பற்சக்கரங்களும் இருந்தன. வேகத்தைப் பாதி அவையே குறைத்தன. மீதியை ஹார்லிக்ஸ் மூடி குறைத்தது. அப்படியும் அவளுக்குத் திருப்தியில்லை. எட்டுக் கால் ஐசி சில்லு ஒன்றை வைத்துச் சின்னதாக ஒரு சர்க்யூட் போட்டாள். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும் மோட்டார் ஒரே ஓட்டமாக ஓடாது, 'டிக்... டிக்...' என்று விட்டு விட்டுத்தான் நகரும். ஒரு டிக்குக்கு மூக்கு எவ்வளவு போகிறது என்று கஜபதி அளந்து பார்த்துவிட்டு, "தலைமுடி கனம்கூட இல்ல பத்மா!" என்று கத்தினான். மோட்டாரைத் தாங்கும் தகரத்தை அவனே வெட்டி வளைத்துக் கொடுத்தான். அதற்குக் காரின் சிவப்பையே பூசினான்.

போகி புகையில் வானம் தெரியவில்லை. பொங்கலன்று லேசான மேகம். காணும் பொங்கலன்று சாயங்காலம் வானம் கழுவிவிட்டாற்போலத் தெளிந்தது. ஜுலைகாவும் நஜீரும் ஒரு தூக்கு நிறையப் பிரியாணியோடு வந்துவிட்டார்கள். கஸ்தூரி வடை கொண்டுவந்தாள்.

கஜபதி சனியைப் பிடித்துவிட்டு ஒதுங்கி நின்றான். பத்மா கண்ணாடியைக் கழற்றி அவன் சட்டைப்பையில் வைத்தாள். குனிந்தாள். அதே பஞ்சு மிட்டாய். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினாள். பஞ்சு பெருத்தது. மற்றதை அழுத்தினாள்.

டிக். டிக். டிக்.

எதுவும் ஆடவில்லை. மங்கல் சுருங்கியது. இன்னும் சுருங்கியது. விளிம்பு கூர்மையானது. திடீரென்று, யாரோ உள்ளே விளக்குப் போட்டமாதிரி, கருப்பில் ஒரு சின்ன மஞ்சள் உருண்டை. அதைச் சுற்றி ஒரு வளையம். உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே கருப்பாக ஒரு சந்து. வளையம் எதிலும் ஒட்டவில்லை. சும்மா அந்தரத்தில் நின்றது.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா தெரியுது, சொல்லு" என்றான் கஜபதி. இந்தத் தடவை அவன் ஏமாறத் தயாராக இல்லை.

"நடுவுல சந்து கீதுங்க."

"கீது, கீது!"

"பக்கத்துல ஒரு பொட்டு கீது. சின்னதா."

"பொட்டா?" அவன் அவளை நகர்த்திவிட்டுக் குனிந்தான். அவன் கண்ணுக்கு இப்போது எல்லாம் மங்கல். ரிமோட்டைப் பிடுங்கினான், டிக் டிக்கென்று திருப்பினான், அப்படியே நின்றான். "அடிப்பாவி! அதோட நிலாடீ அது! இத்தினி நாளா நான் அதைக் கவனிக்கவே இல்லியே!"

"ஆடினா எங்கேர்ந்து தெரியும்? குடுங்க இப்டி. நான் இன்னும் பாக்கலை."

"நீ பாத்துட்டே."

"ஒரு வருசத்துப் பாக்கி கீது எனக்கு!"

அவர்கள் ரிமோட்டுக்குச் சண்டை போடுவதைப் பார்த்து நஜீர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவரும் குனிந்தார். பொத்தானை அழுத்தினார். "யா அல்லாஹ்" என்றார் மெதுவாக. ஜுலைகா அழுத்தினாள். கஸ்தூரி தன் கண்ணுக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கார் ஓட்டறது இவ்ளோ சுலபமாக்கா?" என்றாள். சத்தம் கேட்டு பக்கத்து பிளாக்கிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள். படிக்கட்டில் வரிசை நின்றது. ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு தினுசு, ஒவ்வொருவரும் அழுத்தினார்கள், ஒவ்வொருவரும் "ஆ!" என்றார்கள்.

வரிசை பாதி இருக்கும்போது டிக் சத்தம் நலிந்து நின்றுவிட்டது. பத்மா செல்களை எடுத்துப் பார்த்தாள். நான்கில் ஒன்று படுத்திருந்தது. வந்திருந்த யார் வீட்டிலும் மாற்றுச் செல் இல்லை.

"இருங்கக்கா" என்று கஸ்தூரி படியில் தடதடவென்று இறங்கினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அவள் உள்ளங்கையில் ஒரு பென்சில் செல் இருந்தது.

"ஏதுடீ?"

"எங்கூட்டு சுவர்க் கடிகாரத்துலேர்ந்து எடுத்தாந்தேன். மணி இன்னா ஆனா இன்னாக்கா, மொதல்ல அதை ஓட்டு!"