ஏழாம் கேள்வி

நாற்பத்தாறு வயதில் கைறுன்னிஸா படிக்கப் புறப்பட்டபோது காத்தான்குடியில் சிரிக்காத வாய் இல்லை. கிழமை நாளெல்லாம் கைத்தறி; சனிக்கிழமையானால் புளியந்தீவில் உளவியலும் சமூகவியலும் சொல்லித் தரும் ஓராண்டு வகுப்பு. கணவர் மஜீட் மட்டும் சிரிக்கவில்லை. பஸ் தரிப்பிடம் வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, பஸ் மறையும் வரை நிற்பார்.

வகுப்பில் தேற வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தம் ஊரில் மணமான நாற்பது பெண்களைக் கண்டு கேள்விப் படிவம் நிரப்ப வேண்டும். வெளியூரிலிருந்து வரும் விரிவுரையாளர் பாடப்புத்தகத்தைப் பார்த்து ஆக்கிய படிவம் அது. ஆறு கேள்வி வரை ஒரு கரைச்சலும் இல்லை. ஏழாவதில்தான் வந்தது வினை: 'திருமணமாகிக் கணவரின் வீட்டுக்குச் சென்றபோது உங்கள் வயது என்ன?'

முதல் வீட்டிலேயே றமீஸா, பிட்டுக்கு மாக் குழைத்த கையோடு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் ஏன்கா போற? அவருதானே இங்க வந்தவரு."

அடுத்த வீட்டிலும் அதே பதில்தான். பெண் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு எழும்பும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேர்வார். இந்த வாவிக்கரையில் தமிழர், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் அதுதான் வழக்கம். கைறுன்னிஸா வயதுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, ஒவ்வொருத்தியும் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

கொடுக்க வேண்டிய நாளன்று, கூடப் படிக்க ஆரையம்பதியிலிருந்து வரும் ஜெயந்தன் வெறுங்கட்டங்களைப் பார்த்துப் பதறிப்போனான். மற்ற எட்டுப் பேரும் அந்த இடத்தில் கலியாண வயதைப் போட்டிருந்தார்கள்.

"நீங்களும் போட்டு விடுங்கக்கா. ஆரு பாக்கப் போறாங்க? இல்லாட்டி ஒரு வருசம் வீணாப் போயிரும்."

ஊரார் சிரிப்பு காதுக்குள் கேட்டது. பேனையைத் திறந்தாள். எட்டுப் பேரும் எழுதியிருக்கும்போது தனக்குத்தான் ஏதும் விளங்கவில்லையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு ஓரத்தில் கிடந்த றமீஸாவின் பேச்சைப் பார்த்தாள். பேனையை மூடினாள்.

விரிவுரையாளர் படிவங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் சுருங்கியது.

"வேல முடியாமக் கொண்டுவந்திருக்கிறீங்க. மற்ற எல்லாரும் நிரப்பித்தானே தந்திருக்காங்க? இத ஏற்க ஏலாது."

கைறுன்னிஸா எழுந்து நின்றாள். போன மாதம் அவரே சொல்லித் தந்த பாடத்தை அவருக்கே நினைவூட்டினாள். அறையில் இருக்கும் அத்தனை பேரும் கட்டைக் கோட்டை நெட்டைக் கோடு என்று சொன்னால், கடைசியில் இருப்பவரும் தன் கண்ணை நம்பாமல் அப்படியே சொல்லிவிடுவார். ஒத்துப்போதல் என்று அதற்குப் பெயரும் தந்திருந்தார்.

"எட்டுப் பேர்ட படிவமும் அப்பிடித்தான் சேர் நிரம்பினது. போகாத வீட்டுக்கு நான் எப்பிடி வயசு எழுதுற?"

அதோடு விட்டாளா? வகுப்பைப் பார்த்துத் திரும்பி, மனைவியின் வீட்டில் குடியிருக்கும் ஆண்கள் கையை உயர்த்தட்டும் என்றாள். ஆண்கள் எல்லாரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். ஜெயந்தனின் கைதான் முதலில், பூனை அடுப்படிக்குள் நுழைவது போல மெல்ல மேலே வந்தது. பிறகு இன்னொன்று. வகுப்பில் மணமான ஆண்கள் ஐந்து பேர். ஐந்து கையும் உயர்ந்தன.

விரிவுரையாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் இருந்த நாற்பது பதில்களையும் ஒன்று விடாமல் வாசித்தார். ஒரு இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கேள்விதான் பிழை. அத ஆக்கினது நான்," என்றார். "எங்க, நீங்களே அதத் திருத்தி எழுதுங்க."

கைறுன்னிஸா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பலகைக்குப் போனாள். 'திருமணத்தின் பின் யார், யாருடைய வீட்டுக்கு வந்தார்?' என்று குண்டு குண்டு எழுத்தில் எழுதினாள். அவள் தேறிவிட்டாள் என்றும், மற்ற எட்டுப் பேரும் இந்தக் கேள்வியோடு திரும்ப வீடு வீடாகப் போகவேண்டும் என்றும் விரிவுரையாளர் சொன்னார்.

வெளியே வரும்போது ஜெயந்தன் முணுமுணுத்தான்.

"உங்களால எனக்கு நாப்பது வீட்டு நடையக்கா."

"உங்கிட மாமிட்ட இருந்து தொடங்குங்க தம்பி," என்றாள் கைறுன்னிஸா. "நீங்க வந்த திகதியும் அவவுக்குத்தான் தெரியும்."