அடையாளத்துக்கு வைத்த கடிதம்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அலுத்துப்போய் வந்திருப்பீர்கள், நீட்டி முழக்க மாட்டேன். படித்துப் படித்தே களைத்துப்போன ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

பெயர் இருதயசெல்வி. எண்பத்து நாலு, எண்பத்தஞ்சு வாக்கில் திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் விழுப்புரம் போய் ஓர் ஆபீசில் டைப் அடித்துவிட்டு வருவாள். லேடீஸ் பெட்டியில் ஆறு பேருக்குள் ஓர் ஏற்பாடு. ஆளுக்கு ஒரு வாரப் பத்திரிகை வாங்க வேண்டும்; ஒரு நாள் வைத்திருந்து மறுநாள் காலை அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும். ஒன்று வாங்கினால் ஆறு படிக்கலாம் என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப் போக எந்தத் தொடர்கதையில் எவள் விஷம் குடித்தாள் என்பதே செல்விக்குக் குழம்பியது. ஆபீசிலும் எழுத்து, வீட்டிலும் எழுத்து. படிக்காமல் கொடுத்தாலோ, அந்த ஆறு பேரில் ஒருவரான கோவிந்தம்மாள் டீச்சர் ரயிலிலேயே கேள்வி கேட்டு மானத்தை வாங்கிவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரில் இருக்கும் அப்பா சவரிநாதனிடமிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது. செல்வி கையில் பாதி படித்த பத்திரிகை. இதை முடித்துவிட்டுப் பிரிப்போம் என்று கடிதத்தைப் பக்க அடையாளமாகச் செருகினாள். அப்படியே கண் அசந்துவிட்டாள். மறுநாள் காலை அவசரத்தில் பத்திரிகை கடிதத்தோடு அடுத்த முறைக்காரி பாஞ்சாலியிடம் போனது. வியாழக்கிழமை காலை டீச்சர் கைக்கு வந்தது.

வண்டி மயிலம் தாண்டியதும் டீச்சர் நீலக் கடிதத்தை நீட்டினார்.

"ஏம்மா செல்வி, அடையாளம் வைக்க வேற காயிதமே கெடைக்கலையா? பிரிக்கக்கூட இல்லியே! ஏய் பாஞ்சாலி, நேத்தெல்லாம் உங்கிட்டதான இருந்துது?"

"நான் தொறக்கவே இல்ல டீச்சர். ரெண்டு வாரமா அப்படியே வாங்கி அப்படியே குடுத்துக்கினு இருக்கேன். ஒரே பேஜாரு."

"அடிப்பாவி! கதை சூப்பர்னு இப்பதானடி சொன்ன!"

அதற்குள் செல்வி கடிதத்தைப் பிரித்துவிட்டாள். வரிமேல் வரி ஏறிய அப்பாவின் கையெழுத்து: 'வியாழக்கிழமை புதுச்சேரியில் கண் ஆபரேஷன். காலை பத்து மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பஸ் போர்டு தெரியவில்லை. வந்து கூட்டிப் போ.'

விக்கிரவாண்டியில் இறங்கி ஓடினாள். வெகுநேரம் காத்திருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து சேரும்போது மணி பதினொன்றரை. பஸ் ஸ்டாண்டில் துணிப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார் சவரிநாதன். எதிரே வந்த பெண்களை எல்லாம் பார்த்து, "செல்வியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தாம்பா."

"லெட்டர் கெடைச்சுதாம்மா?"

"இப்பதாம்பா படிச்சேன்."

"அதான பார்த்தேன். உனக்குப் படிக்கிறதுக்கு எவ்ளோ இருக்குது!"

குத்திக் காட்டவில்லை அவர், பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது.

புதுச்சேரி பஸ்ஸில் இடம் கிடைத்தது. அன்றைக்கு அவள் முறைக்கு வந்த பத்திரிகை பைக்குள் கிடந்தது. அவள் எடுக்கவில்லை.

"இது எந்த ஊரும்மா?"

"கிளியனூருப்பா." வழிநெடுக ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் அவருக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே போனாள்.

கண்ணுங்களா, உங்கள் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் வந்த அன்றே பிரிபடட்டும். உங்களுக்காக நிற்பவர்கள் கால் கடுக்காமல் வீடு சேரட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும்.