வேரா ரசிகர் சங்கம், யட்டவத்த

"ஹேன்ட்போல்னா என்னன்னு தெரியுமா, நோபர்ட் அண்ணே?"

நுஹ்மான் நானாவின் சலூன் வாசலில் நின்றபடிதான் டொறீன் கேட்டாள். ஆண்கள் முடி வெட்டும் இடம். அவள் உள்ளே போகவில்லை. விளையாட்டுக் கழகச் செயலாளர் நோபர்ட், முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"தெரியாம? கையால எறிஞ்சு கோல் போடுறது. நம்ம ரஷ்யாக்காரி வேரா நூல் மில்லுல வேலை செஞ்சவ. பதினாறு வயசில தொடங்கினா. இடக்கை. இருநூறு மெச், ரெண்டு தங்கம். அவ தெருவில நடந்தா ட்ராம் நிக்குமாம், தங்கச்சி."

"ஒரு பக்கத்துக்கு எத்தனை பேரு?"

"பதினொண்ணு."

"ஏழு. படத்துக்குக் கீழயே போட்டிருக்கு."

சோவியத் சஞ்சிகையிலிருந்து கிழித்துக் கண்ணாடிக்கு மேலே ஒட்டிய படம். தொடை வரைக்குமே வந்த கட்டைக் களிசானோடு வேரா கொர்ஷுனோவா அந்தரத்தில் பாய்ந்துகொண்டிருந்தாள். அந்த 1981இல் யட்டவத்த ஆண்கள் அவளுக்கு ரசிகர் சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர், பொருளாளர், ரப்பர் முத்திரை எல்லாம் உண்டு. பந்துதான் இல்லை.

டொறீனுக்கு வேண்டியது மைதானம். ஞாயிற்றுக்கிழமை மாத்தளைப் பெண்களோடு அவளுடைய தோட்டத்து வலைப்பந்து அணி ஆடாவிட்டால், மாவட்டப் போட்டியிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள்.

"ஞாயித்துக்கெழம வேராவோட பொறந்தநாள். பக்கத்து ஊரு நாலந்தா பொடியன்மாரோட வொலிபோல் வச்சிருக்கோம். கிரவுண்ட் இல்ல."

"ஒரு பொம்பளைக்கு விழா எடுக்க, பொம்பளைங்கள வெரட்டுறீங்களா?"

"வேரா வேற. நம்ம புள்ளைங்க களிசான் போட்டு ஓடினா ஊரு என்ன சொல்லும்?"

"அந்தா, அவ கட்டியிருக்கிறது சேலையா?"

நுஹ்மான் நானா சிரிப்பில் கத்தியை உயரத் தூக்கிக்கொண்டார். "அசையாதீங்க தம்பி, காது போயிரும்."

மைதானம் கிடைக்கவில்லை என்று டொறீன் மாத்தளைக்குச் சொல்லவே இல்லை. ஒரு மணி நேரமாவது சண்டை போட்டு வாங்கிவிடலாம் என்று ஞாயிறு காலை பிள்ளைகளோடு போனாள். சந்தியிலிருந்து மைதானம் வரை கயிறு கட்டி வெள்ளைக் கொடிகள். நடுவில் மேசை; மேசையில் வேராவின் படம்; படத்துக்குப் பூமாலை, இருபுறமும் மெழுகுதிரி.

"ரஷ்யா பனி நாடு. அதான் வெள்ளை," என்றான் நோபர்ட் பெருமையாக.

வெள்ளைக் கொடி எந்த வீட்டுக்குக் கட்டுவது என்று டொறீன் சொல்லவில்லை. சொன்னால் அவிழ்த்துவிடுவான்.

பத்து மணியாகியும் நாலந்தாக்காரர்களைக் காணவில்லை. நுஹ்மான் நானாதான் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"லொறி சந்தி வரைக்கும் வந்திச்சு. கொடியையும் மாலையையும் பாத்தாங்க. சாவு விழுந்த எடத்துல பந்தடிக்கக் கூடாதுன்னு தொப்பியக் கழட்டிட்டுத் திரும்பிட்டாங்க. இந்தாங்க, மையித்து வீட்டுல தேத்தண்ணி ஊத்தவாம், ரெண்டு கிலோ சீனி."

நோபர்ட்டின் முகம் கொடியைவிட வெளுத்தது. அதே நேரம் மாத்தளைப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, தயங்கித் தயங்கி வந்தார்கள்.

"யாரோ செத்துட்டாங்களாமே?"

"ஆமா, ஒரு சங்கம் செத்துப் போச்சு," என்றாள் டொறீன். "அதுக்கெல்லாம் அழ ஆளில்ல. நீங்க வாங்க. அண்ணே, மேசையத் தூக்குங்க. கம்பம் நடணும்."

"கொஞ்சம் பொறு தங்கச்சி, லொறி திரும்பி..."

"சீனியும் குடுத்திட்டுப் போனவங்க திரும்பி வருவாங்களா? தூக்குங்க."

நோபர்ட் வேராவை மார்போடு அணைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் நின்றான். டொறீன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பந்து அவள் கைக்கு வந்திருந்தது.