ஹாலில் ஒரு ஆமென்

வழக்கில் தனசிங் ஜெயித்துவிட்டார். கைகுலுக்கத்தான் ஆள் வரவில்லை. சண்டை நடக்கும்போது வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. ஜெயித்த பிறகு அவர் வீட்டுப் பக்கம் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

தெலுங்கு பேசும் ஊரான குஷாய்குடாவை ஒட்டிய சின்ன முனிசிபாலிட்டி ஒன்றில் அவர் கவுன்சிலர். அடுத்த வார்டு சுந்தரேசனுக்கு. இருவரும் ஒரே ஃபாக்டரியில் இருபது வருஷம் வேலை பார்த்து ரிடயர் ஆனவர்கள். கூட்டத்துக்கு ஒரே ஸ்கூட்டரில்தான் போவார்கள். சுந்தரேசன் ஓட்ட, தனசிங் பின்னால்.

கூட்டம் தொடங்குமுன் பிள்ளையார் ஸ்துதி பாடுவது அங்கே வழக்கம். பாடுகிறவர் சுந்தரேசன். நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. தனசிங் கைகூப்பாமல் மரியாதைக்கு எழுந்து நிற்பார், அவ்வளவுதான். எண்பத்து மூன்றாம் வருஷம் புதிதாக வந்த சேர்மன் அதைப் பார்த்துவிட்டு, இஷ்டமில்லாதவர்கள் வெளியே நிற்கலாம் என்று தெலுங்கில் போட்டு உடைத்தார். அன்றிலிருந்து மாதா மாதம் வராந்தாவில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், பியூன்கள் பார்க்க நின்றார் தனசிங். ஓட்டு வாங்கி வந்த மனுஷனுக்கு எத்தனை அவமானம்! ஆறு மாதம் பொறுத்தார். அப்புறம் கோர்ட்டுக்குப் போனார்.

"கேசு ஒம் பாட்டு மேல இல்லடே" என்று சுந்தரேசனிடம் சொல்லிப் பார்த்தார்.

"பாடறவன் நான்தானே" என்றார் சுந்தரேசன். அதோடு ஸ்கூட்டர் தனசிங் வாசலுக்கு வருவது நின்றது. சர்ச்சில் பாஸ்டரும், நமக்கெதுக்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஒதுங்காதவள் சுந்தரேசனின் மனைவி ரமா மட்டும்தான். மனைவி பியூலா இறந்து தனசிங் தனி ஆளான நாள் முதல், ஞாயிறுதோறும் அவருக்கு ரசம் கொடுத்தனுப்புவாள். வழக்கு நடந்தபோதும் நிறுத்தவில்லை.

தீர்ப்புக்குப் பத்து நாள் முன்னால் ரமா மாரடைப்பில் போய்விட்டாள். தனசிங் அவர்கள் தெருமுனை வரை போனார். வாசலில் சேர்மனும் மற்ற கவுன்சிலர்களும் நின்றிருந்தார்கள். என்ன சொல்வார்களோ என்று திரும்பிவிட்டார். கோர்ட் படி ஏறியவருக்கு அந்த நாலு வீடு தாண்டத் தைரியமில்லை. மறுநாள் போகலாம் என்றால் வெட்கமும் சேர்ந்துகொண்டது. போகவேயில்லை.

முனிசிபல் கூட்டத்தில் எந்த மதத்துப் பிரார்த்தனையும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அடுத்த கூட்டத்துக்கு தனசிங் பஸ்ஸில் போய், வராந்தாவில் நிற்காமல் நேரே உள்ளே உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சுந்தரேசன் எதிர் வரிசையில் தலைகுனிந்திருந்தார்.

"இன்னிக்குப் பாட்டு கிடையாது" என்றார் சேர்மன், தனசிங்கைப் பார்த்து. "ரமா அம்மாவுக்கு ரெண்டு நிமிஷம் மௌனம்."

எல்லோரும் எழுந்தார்கள். தனசிங் கண்ணை மூடினார். பியூலாவுக்குப் பிறகு யாருக்காகவும் அவர் அப்படி ஜெபித்ததில்லை. ரசத்தைச் சொன்னார், தெருமுனையில் திரும்பியதைச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் முதல் பெஞ்சிலிருந்து கணீரென்று பதில் சொல்கிற வாய் அது. நாற்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்?

"ஆமென்!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். "கோர்ட் ஆர்டரை அவரே மீறிட்டார். மினிட்ஸ்ல எழுதுங்க" என்றார் சேர்மன். கிளார்க் பேனாவைத் திறந்தார். தனசிங்குக்குக் காது சுட்டது.

"எழுத வேண்டாம்" என்று ஒரு அதட்டல். சுந்தரேசன்தான். கிளார்க் பேனாவை மூடிவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் தனசிங் ஸ்கூட்டர் அருகே போய் நின்றார். "வாய் தவறி வந்துட்டுடே."

"அவளுக்காகத்தானே சொன்னே?"

தனசிங் தலையாட்டினார்.

"ஹால்ல கூடாதுன்னுதான் ஆர்டர் வாங்கினே. எங்காத்துக்கு வந்து சொல்லக் கூடாதுன்னு எந்தக் கோர்ட் சொல்லித்து?" சுந்தரேசனின் நல்ல குரல் உடைந்தது. "பதிமூணு நாளும் வாசலையே பாத்துண்டிருந்தேன்."

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். பின் ஸீட் காலியாகவே போனது.